வெளுத்தாலும் போகாத மை

நூற்று அறுபத்து மூன்று வீடுகள். பதினொரு கடைகள். ஒரு பல் மருத்துவமனை. லாபம் வராது என்று பெரிய கம்பெனிகள் கைகழுவிய நான்கு மேட்டுத் தெருக்கள். நகராட்சிப் படிகளைப் பதினேழு தடவை ஏறி இறங்கி வாங்கிய அனுமதி, இருபத்திரண்டு கம்பங்களுக்கு. கடைசியாக, மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்த ஒரு கேடயம். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற ஒருவன், பதினொரு வருடத்தில் ஜெயித்தவை இவை. அவனுடைய அக்காவுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். சலவைக் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

தெருவில் அவனுக்குப் பெயர் கம்பி. அக்கா ‘தம்பி, தம்பி’ என்று கூப்பிடுவதைக் கேட்டு யாரோ முதல் எழுத்தை மாற்றிவிட்டார்கள். அவன் மாடிக்கு மாடி இணையக் கம்பி இழுக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் ஆளைக் காணவில்லை என்றால், பக்கத்து மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற நர்சம்மா கடை வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார்.

“என்னம்மா, உன் தம்பி கம்பி நீட்டிட்டானா?”

“ஆமா நர்சம்மா, நாலாவது தெரு வரைக்கும் நீட்டிட்டான்!”

ஒவ்வொரு முறையும் இருவரும் புதிதாகக் கேட்டது போலச் சிரிப்பார்கள்.

அக்காவுக்குச் சலவைக் கடையில் குறி போடும் வேலை. வருகிற ஒவ்வொரு துணியின் உள்மடிப்பிலும் ஒரு துண்டு வெள்ளை நாடாவை வைத்துத் தைத்து, அதில் வீட்டு எண்ணை எழுத வேண்டும். அதற்கென்று ஒரு மை உண்டு. எழுபது தடவை வெளுத்தாலும் போகாது. பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு சட்டை மாறியதில்லை, ஒரு தலையணை உறை காணாமல் போனதில்லை. கடைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. உப்பு ஜாடிக்குச் சீட்டு, சர்க்கரை ஜாடிக்குச் சீட்டு, மாடிச் சாவிக்கும் கொல்லைச் சாவிக்கும் தனித்தனிச் சீட்டு.

“என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு அக்கா. தொலைஞ்சு போனா யாராவது கொண்டுவந்து குடுத்துடுவாங்க” என்பான் கம்பி.

“உன்னை யாருடா எடுத்துக்கிட்டுப் போகப் போறா? போனாலும் சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவாங்க.”

அவனுக்கும் எழுத்துக்கும்தான் சின்ன வயதிலிருந்தே ஆகவில்லை. புத்தகத்தைத் திறந்தால், “எல்லாம் கொடியில காயற துணி மாதிரி ஆடுது அக்கா” என்பான். வாத்தியார்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பத்து வயது மூத்தவளான அக்காதான் அவனுக்கு எல்லாம். அவளும் சோம்பேறித்தனம் என்றே நினைத்தாள். ஒருமுறை அடிக்கோலால் அவன் புறங்கையில் அடித்தும் இருக்கிறாள்.

பள்ளியை விட்டு நின்ற நாளில், சான்றிதழ் வாங்க அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவன் தன் பெயரின் எழுத்துகளை முன்னும் பின்னுமாகப் போட்டு, பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டான். எழுத்தர் அந்தத் தாளைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். அக்கா அதைப் பிடுங்கி, அவன் எழுதியதை அடித்துவிட்டு, பாதுகாவலர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவன் எதிலுமே கையெழுத்துப் போட்டதில்லை. வங்கி, நகராட்சி, கம்பம், இணையம் கொடுப்பதற்கான உரிமம், எல்லாமே அக்கா பெயரில். “குடு இங்க” என்று வாங்கி அவளே போட்டுவிடுவாள். ‘நான் போடறேன்’ என்று அவன் ஒரு தடவை கேட்டதில்லை. ‘நீ போடறியா’ என்று அவளும் ஒரு தடவை கேட்டதில்லை.

கம்பி என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். நிறத்தைப் பார்த்தே எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்வான். ஊர் நடுவிலிருந்து தடித்த கண்ணாடியிழைக் கம்பி ஒன்றை வாங்கி வந்து, சலவைக் கடையின் மாடிப்படிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியில் இறக்கினான். அங்கிருந்துதான் நான்கு தெருவுக்கும் பிரிந்து போயிற்று. எங்காவது வெளியே இருக்கும்போது பழுது வந்தால், கைப்பேசியிலிருந்தே பெட்டிக்குள் புகுந்து சரிசெய்ய ஒரு வழியும் வைத்திருந்தான். அந்த வழிக்குப் பூட்டு ஒரே ஒரு கடவுச்சொல்.

அந்தச் சொல்லையும் அவன் எழுத்தாக வைத்துக்கொள்ளவில்லை. விசைகளின் மேல் விரல் போகிற பாதையாக வைத்திருந்தான். மேலே இரண்டு, குறுக்கே ஒன்று, கீழே இறங்கி மூன்று என்று மொத்தம் பதினாறு தட்டு. “எனக்குத் தெரியாது அக்கா, விரலுக்குத்தான் தெரியும்” என்பான்.

அக்காவால் அந்த விரலை நம்ப முடியவில்லை. அவன் தட்டும்போது பக்கத்தில் காப்பியோடு நின்று, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதினாறையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவன் கவனித்துவிட்டான்.

“என்னக்கா எழுதற? இதெல்லாம் எழுதவே கூடாது.”

“நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்து மறந்துபோச்சுன்னா? நூத்தி அறுபது வீடுடா!”

“மறக்காது. கிழிச்சுப் போடு.”

“சரி சரி, கிழிச்சுடறேன்.”

தாளைக் கிழிக்கத்தான் செய்தாள். கிழிப்பதற்கு முன், வெள்ளை நாடாவில் சலவை மையால் அழகாக எழுதி, இரும்புப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டாள். அங்கே ஏற்கெனவே ‘முதல் தெரு’, ‘இரண்டாம் தெரு’, ‘பல் டாக்டர்’ என்று அவள் ஒட்டிய நாடாக்கள் வரிசையாக இருந்தன. அவற்றோடு இதுவும் ஒன்று. கண்ணில் பட்டாலும் அவன் படிக்கவா போகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததுதான் பிற்பாடு அவளை மிகவும் அரித்தது.

அவனுடைய லைன் பிடித்துப்போய்ப் பெரிய கம்பெனி ஒன்று ஆளை அனுப்பியது அந்தச் சமயத்தில்தான். கம்பி சலவைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரர் இஸ்திரி மேசை ஓரத்தில் தன் பையை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“உங்க லைனை எங்களோட சேர்த்துடுங்க தம்பி. எங்க சினிமா, எங்க கடை, எங்க வீடியோ பேச்சு எல்லாம் பறக்கும். எவ்வளவு வேணா பார்க்கலாம், அளவே கிடையாது.”

“மத்ததெல்லாம்?”

“மத்தது கொஞ்சம் நிதானமா வரும்.”

“மத்ததுன்னா எது?”

“மத்ததுன்னா மத்ததுதான்.”

கம்பி சாப்பிட்ட கையாலேயே தெருவுக்கு எதிர்ப்பக்கம் காட்டினான். அங்கே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சட்டக்காரருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தினமும் அந்த நேரத்துக்குக் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தூரதேசத்தில் இருக்கும் மகளோடு இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருப்பார். மகளுக்கும் கைதான் வாய். அவர்களைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்னச் செயலியில்தான் அந்தப் பேச்சு.

“அவர் பேசறது உங்களுதுல இல்ல சார். அப்ப அவர் ‘மத்தது’தானே?”

“எங்களுதுக்கு மாறிக்கட்டுமே!”

“எதுல பேசணும்னு அவருக்குக் கம்பி சொல்லக் கூடாது.”

“கம்பின்னா நீங்களா, ஒயரா?”

“ரெண்டும்தான்.”

அவர் போன பிறகு அக்கா விடவில்லை. “அவசரத் துணின்னு நாங்களும்தானே சிலதை முன்னால எடுக்கறோம்? அதுல என்னடா தப்பு?”

“அவசரம்னு சொல்றது யாரு? துணி குடுக்கறவங்க. சோப்புக் கம்பெனிக்காரன் வந்து, ‘என் சோப்புல துவைக்கிற சட்டையை மட்டும் முதல்ல எடு, மத்ததை ஊற வை’ன்னா உங்க முதலாளியம்மா சும்மா இருப்பாங்களா?”

“தொடப்பக்கட்டையைத் தூக்குவாங்க.”

“அதான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அன்றிலிருந்து இந்தச் சோப்புக் கதையையும் அக்கா தன் பட்டியலோடு சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் மேட்டுத் தெருக்களுக்கு இணையம் கொண்டுவந்ததற்காக நகர நூலகத்தின் ஆண்டு விழாவில் அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அவனை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி, பெட்டிக் கதவைத் திறந்து வைத்து, கேடயத்தைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். “பெட்டி எதுக்குக்கா?” என்றான். “பெட்டி இல்லாம நீ யாரு?” என்றாள். படத்தைத் தெருக் குழுவில் போட்டாள். சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாள். அப்புறம், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி தன் பக்கத்திலேயே போட்டாள். நானூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அந்த நானூறு பெயரையும் அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

மூன்று வாரம் கழித்து, அதையே பெரிதாக அச்செடுத்துச் சட்டக்காரரிடம் கொடுத்தாள். வாங்கப் போனபோது அவர் கையெல்லாம் பசை. படத்தின் ஓர் ஓரத்தை மோதிர விரலால் காட்டினார். கதவின் உட்பக்கம், வெள்ளை நாடா. பிறகு சாவியைத் திருப்புவது போல இரண்டு விரலைத் திருப்பினார். உள்ளங்கையை விரித்து அந்த இடத்தை மறைத்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சாவி, மறுபடியும் உள்ளங்கை.

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கையெழுத்து. பெரிதாக்கிய படத்திலும் ஓர் எழுத்து கலங்கவில்லை, அச்சடித்த மாதிரி இருந்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து நன்றி சொன்னாள். கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினாள். அவர் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தார். புரிந்துகொண்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுச் சட்டத்துக்கு ஆணி அடிக்கப் போய்விட்டார்.

படம் சலவைக் கடைச் சுவருக்கு வந்து பதினாறு நாளில் அது நடந்தது. ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான்கு தெருவிலும் யார் இணையத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு பக்கம் வந்து நின்றது. மேலே கம்பியின் பெயர். கீழே, ‘உங்கள் இணைப்பு நிற்காமலிருக்க அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றவும்.’ வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்பது கம்பி என்று நினைத்ததால் பத்தொன்பது வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். அவன் ஓடி வந்து பெட்டியை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நர்சம்மாவும் கொடுத்திருந்தார். அவர் அட்டையை வைத்து எங்கோ யாரோ கைப்பேசி எண்களை வாங்கி, அவற்றிலிருந்து ஊரெல்லாம் ஏமாற்றியிருந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உடம்புக்கு ஊசி போட்டவர், சந்தேக நபர் என்ற தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் பார்த்துவிட்டு வந்தார். கடை வாசலில் நின்றார். கம்பி நீட்டிட்டானா என்று கேட்கவில்லை.

கம்பி மூன்று நாள் பெட்டியின் பதிவுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஓரமாக உட்கார்ந்து, அவன் கேட்ட வரிகளை வாசித்துக் காட்டினாள்.

“எத்தனை தடவை தப்பாப் போட்டுப் பார்த்திருக்காங்கன்னு போட்டிருக்கா?”

“சைபர்னு இருக்குடா.”

“அப்ப உடைச்சுக்கிட்டு வரலக்கா. சாவி போட்டுத் திறந்து வந்திருக்காங்க.”

நான்காம் நாள் காலை அவன் சலவைக் கடைக்குள் வந்தான். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் நின்றான். வெகுநேரம் நின்றான். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அவன் உதடு அசையும், இப்போதும் அசைந்தது. கூடவே, தொங்கிக்கொண்டிருந்த வலது கையின் விரல்கள் காற்றில் தட்ட ஆரம்பித்தன. மேலே இரண்டு, குறுக்கே ஒன்று, கீழே இறங்கி மூன்று. பதினாறாவது தட்டு முடிந்ததும் விரல்கள் நின்றன.

நாடாவைக் கையில் பிடித்தபடி அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி திருப்பிய இரண்டு விரலும், விரிந்து மறைத்த அந்த உள்ளங்கையும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தன.

“இந்தப் படத்தை எங்கெல்லாம் போட்டக்கா?” என்றான், திரும்பாமல்.

சொன்னாள்.

“சரி. அதையெல்லாம் எடுத்துடு” என்றான். வாசல் வரை போய்விட்டு, “படம் நல்லாத்தான் வந்திருக்கு” என்றான்.

அவன் போன பிறகு அவள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அந்த நாடாவைச் சுரண்டினாள். நாடா வந்துவிட்டது. பசையோடு ஊறிப்போயிருந்த மை இரும்பில் நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் எழுத்துத் தெரியாமல் கறுப்பு வண்ணம் பூசினாள்.

அதன் பிறகு நடந்தவை சீக்கிரமே நடந்தன. ஒரு வீடு துண்டிக்கச் சொன்னது, பிறகு பத்து, பிறகு அறுபது. லைனை ஒப்படைத்தால்தான் மேட்டுத் தெருக்களில் இணையம் நிற்காமல் இருக்கும் என்று உரிமம் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்துக்கொள்ள முன்வந்தது அதே பெரிய கம்பெனி. இன்று அங்கே சினிமா பறக்கிறது. சட்டக்காரர் மத்தியானம் கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறார். மகளின் கை பாதியில் உறைந்து நின்று, பிறகு வேறெங்கோ தொடங்குகிறது. நடுவில் என்ன சொன்னாள் என்பது போய்விடுகிறது. அவர் ‘மறுபடி சொல்லு’ என்று கையைச் சுழற்றுகிறார். அந்தக் கைச்சைகையை அக்காவும் இப்போது தெரிந்து வைத்திருக்கிறாள். அவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லும் அளவுக்குத்தான் அந்த மொழி அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஒப்படைத்த நாளில், உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இரண்டு தாள் இருந்தன. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள். கடுமையானவர் இல்லை. முதல் தாள் லைனை மாற்றிக் கொடுப்பது. அதில் உரிமக்காரர் என்ற இடத்தில் அக்கா வழக்கம்போலப் போட்டாள்.

“இது ரெண்டாவது” என்றார் அந்த அம்மாள். “பாதுகாப்புத் தப்புக்குப் பொறுப்பு. லைனை நடத்தினவங்க போடணும். யாராவது பொறுப்பு ஏத்துக்கிட்டா, அந்த நர்சம்மா பேரை விசாரணையிலேருந்து எடுத்துடுவாங்க. ஆனா போடறவங்க ஏழு வருஷம் இந்தத் தொழிலுக்குள்ள வர முடியாது. கூப்பிடும்போதெல்லாம் விசாரணைக்கும் போகணும்.”

“குடுங்க இங்க” என்று அக்கா கையை நீட்டினாள்.

“லைனை நீங்களா நடத்தினீங்க?”

“எல்லாம் என் பேர்லதாம்மா இருக்கு. அந்தச் சீட்டை எழுதி ஒட்டினதே...”

“அக்கா” என்றான் கம்பி. அவள் நிறுத்தவில்லை. அவன் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

“எடுறா கையை. நான் சலவைக்காரி, எனக்கு எதுக்கு இந்தத் தொழில்? ஏழு வருஷம் என்ன, எழுபது வருஷம் போகட்டுமே. நீ போட்டா உன் கை அவ்வளவுதான்டா.”

“விசாரணைக்கும் நீ போவியா?”

“போறேன்.”

“கம்பி எண்ணச் சொன்னா?”

“எண்ணறேன்.”

“அதெல்லாம் கம்பிதான் எண்ணணும்” என்று அவன் சிரித்தான். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பொய் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்டா. தப்பு என்னுது.”

“பெட்டி என்னுது. இத்தனை வருஷம் எல்லாத்துலயும் நீதான் போட்ட. இதை நான் போடறேன், விடு.”

பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தான். மெல்லிய கம்பியை ஒன்றோடொன்று சேர்க்கும்போது மூச்சை அடக்குவானே, அப்படி அடக்கிக்கொண்டான். ஓர் எழுத்து. நிறுத்தம். அடுத்த எழுத்து. எதுவும் முன்னும் பின்னும் போகவில்லை. வரிசையாக வந்து நின்றன. கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி இல்லை. சொல்ல வாயெடுத்த அக்கா, சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் எழுதியதை ஒருமுறை உதடு அசையப் படித்துப் பார்த்தான். பிறகு தானாகவே புள்ளியை வைத்தான்.

“தேதியும் போடுங்க” என்றார் அந்த அம்மாள்.

அவன் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். “இன்னிக்கு என்ன தேதிக்கா?”

தினமும் காலையில் சலவைக் கடைச் சீட்டில் முதலில் எழுதுகிற தேதி, அவளுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவன் எழுதினான்.

“இருபத்தாறு. செப்டம்பர். ரெண்டாயிரத்துப் பத்தொன்பது.”